மேடே இல்லாத ஊர்

போன வருடம், அறுபத்தெட்டாம் ஆண்டு கோடை விடுமுறையில், தெற்கே கடலை ஒட்டிய ஓர் உப்பள ஊரில் இது நடந்தது. ஊரின் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஊர் மேல் எந்தக் குறையும் கிடையாது. குறை சொன்னதாக ஆகிவிடக் கூடாது. ஆனால் இது தொடங்கியது இங்கே, மைசூர் மாநில எல்லையில், ஓசூரைத் தாண்டி நான் எழுத்தராக வேலை பார்க்கும் சோதனைச் சாவடியில்.

எங்களுக்கு ஒரே பெண். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. சின்னக் குழந்தையாக இருந்தபோதே இளைப்பு வந்துவிட்டது. ஓசூர்க் குளிரை வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மெச்சிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டிலோ ஐப்பசி பிறந்தாலே பயம் பிடித்துக்கொள்ளும். மூடுபனி இறங்கும் நாட்களில் அவளால் படுக்க முடியாது. சுவரில் நான் சாய்ந்துகொள்ள, என் மேல் அவள் சாய்ந்துகொள்ள, உட்கார்ந்தபடியே தூங்குவாள். அவள் முதுகுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கும் என் மனைவிக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பெண் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் எங்கள் வேலையைப் பார்ப்போம். பேச்சு நின்றால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்துவிடுவோம்.

கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தோம். அவர்தான், "குளிரும் மேடும் இவளுக்கு ஆகாது. கடலோரமாக, சமதரையாக இருக்கிற ஊருக்குப் போய்விடுங்கள். அதற்காகப் படுக்கவும் வைக்காதீர்கள், உடம்பு கொஞ்சம் அசைய வேண்டும்" என்றார். நடந்தால் இளைக்கிறது, ஆனால் சமதரையில் சைக்கிள் மிதித்தால் இளைப்பதில்லை என்பதை அதற்கு முன்பே அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பள்ளி மைதானத்தில் என் சைக்கிளை எடுத்துக் குரங்குப் பெடல் போட்டு, பேசிக்கொண்டே நாலு சுற்றுச் சுற்றுவாள். மைதானத்தை விட்டு வெளியே வந்து வீட்டுக்குத் திரும்பும் மேட்டில் கால் வைத்ததும் பேச்சு நின்றுவிடும்.

ஆகவே எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு கடலோர ஊர். அங்கே ஒரு பெண்பிள்ளை தானே சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போய் வர வேண்டும். இடமாற்றம் கேட்டால் கிடைக்கும் என்று என் மேலதிகாரி சொன்னார். எந்த ஊர் என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். நான் அதுவரை கடலைப் பார்த்ததே ஒரே ஒரு முறைதான், அதுவும் சென்னையில்.

எங்கள் பக்கத்தில் வழி சொல்வதே மேட்டை வைத்துத்தான். "ரெண்டு மேடு தாண்டுனா சந்தை", "ஒரே மேடு, எறங்குனா பஸ் ஸ்டாண்டு" என்பார்கள். சைக்கிளுக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே எதிரி மேடு. அது கண்ணுக்குத் தெரியும் எதிரி. போகும்போது சைக்கிள் தானாக ஓடினால், திரும்பும்போது இறங்கித் தள்ள வேண்டும் என்பது பாதையைப் பார்த்தாலே விளங்கிவிடும். அதனால் நான் தேடியதும் மேடு இல்லாத ஊரைத்தான்.

யாரிடம் விசாரிப்பது? கடலோரத்திலிருந்து பெங்களூருக்கு உப்பும் கருவாடும் ஏற்றிப் போகும் லாரிகள் எல்லாம் எங்கள் சாவடியில் நின்றுதான் ஆக வேண்டும். வருகிற ஒவ்வொரு டிரைவரையும் கேட்க ஆரம்பித்தேன். உங்கள் ஊரில் மேடு பள்ளம் இருக்கிறதா, சின்னப் பெண் சைக்கிள் மிதிக்கிற மாதிரி ரோடு இருக்கிறதா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?

முதல் டிரைவர் சந்தேகமாகப் பார்த்தார். "மேடு இருந்தா வரி கூடுங்களா சார்?"

எங்கள் சாவடிக் காவலாளி தளிப் பக்கத்து ஆள். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, என்னிடம் தமிழ். அவர் வாசலிலிருந்தே சத்தம் போடுவார். "சாமி, வண்டிங்க கிருஷ்ணகிரி வரைக்கும் நிக்குது. சீக்கிரம் ஒரு கடலப் பாத்து வெல பேசி முடிங்க!"

டிரைவர்கள் போகப் போகப் பழகிவிட்டார்கள். நான் வாய் திறக்கும் முன்பே அவரவர் ஊரின் பெருமையைத் தொடங்கிவிடுவார்கள். நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர், "எங்கூரு ரோட்டுல ஒரு எலுமிச்சம்பழத்த வச்சிட்டுப் போங்க சார், நாளைக்கு வந்து பாருங்க. வச்ச எடத்துலயே இருக்கும். ஆடு தின்னாத்தான் உண்டு" என்றார். கடலூர்க்காரர் ஒருவர், தம் ஊரில் ரோடு நல்ல ரோடு, ஆனால் மணல் ஏறிவிடும் என்று உண்மையைச் சொன்னார். அந்த உப்பள ஊர்க்காரர் சொன்னதுதான் என் மனதில் நின்றுவிட்டது.

"எங்க ஊர்ல மேடுன்னா உப்புக் குவியல்தான் சார். வேற மேடு பாக்கணும்னா நீங்க திருநெல்வேலிக்குத்தான் போவணும்."

இவர்களில் யாரும் காற்றைப் பற்றிச் சொல்லவில்லை. பாரம் ஏற்றிய லாரிக்காரருக்குக் காற்று ஒரு பொருட்டா? நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

விடுமுறை விட்டதும் மூன்று பேரும் புறப்பட்டோம். அந்த உப்பள ஊர் டிரைவர், "நம்ம வண்டியிலயே வந்துருங்க சார்" என்று கூப்பிட்டார். சாவடியில் வேலை பார்க்கிறவன் லாரியில் ஓசிப் பயணம் போவது சரியில்லை என்று பஸ்ஸிலும் ரயிலிலுமாகப் போனோம். மகளின் இளைப்பு மாத்திரை டப்பாவை என் மனைவி கைப்பையில் வைத்துக்கொண்டு, வழி நெடுக நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தபடியே வந்தாள்.

மறுநாள் விடியற்காலையில் வாடகைக் கடையில் எனக்கு ஒரு சைக்கிளும் பெண்ணுக்கு ஒரு சின்ன சைக்கிளும் எடுத்தேன். ஊரின் வடக்கு ஓரத்தில் ஆரம்பித்து உப்பளங்களின் நடுவே ஒரு ரோடு நேராகப் போகிறது. அடித்து வைத்த கோடு போல. அதன் மறுகோடியில் பனைகளுக்குள்ளே உயர்நிலைப் பள்ளி. பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்புநீர் கண்ணாடி போல நின்றது. ஆணும் பெண்ணுமாக இடுப்பை வளைத்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். ஓர் இலை அசையவில்லை. அசைய அங்கே இலையும் இல்லை.

நான் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து ரோட்டின் நடுவில் வைத்தேன். என் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பழம் அப்படியே நின்றது.

பள்ளி வரை போய் அதே வேகத்தில் திரும்பி வந்தோம். ஒரு கணம்கூட அவள் வாய் மூடவில்லை. உப்பு ஏன் வெள்ளையாக இருக்கிறது, இந்தப் பள்ளிக்கூடத்தில் கன்னடம் பேசுகிற பிள்ளைகள் இருப்பார்களா, கடலில் யாராவது சைக்கிள் ஓட்டி இருக்கிறார்களா என்று கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். பின்னால் வந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது. விடுதிக்குப் போய் மனைவியிடம், "ஊர் கிடைத்துவிட்டது" என்றேன். அவள் எதற்கும் உடனே சந்தோஷப்படுகிறவள் இல்லை. "மொதல்ல வீட்டப் பாப்போம்" என்றாள்.

வீடும் அமைந்தது. பகல் உணவுக்கு முன்பு வீட்டுக்காரர் வரச் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில்தான் பெண், தான் மட்டும் தனியாகப் பள்ளிக்கூடம் வரை போய் வருகிறேன் என்று ஆரம்பித்தாள். நான் தயங்கினேன். என் மனைவியே, "போயிட்டு வரட்டும் விடுங்க. பள்ளிக்கூடம் தொறந்தா தெனமும் தனியாத்தானே போவணும்? நேர் ரோடுதானே?" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. காலையில் பார்த்த ரோடு; காலையில் பார்த்த பெண். இரண்டு பேரும் அவளை வழியனுப்பினோம். மனைவிக்கு ரயில் அலுப்பு, அவள் விடுதியில் படுத்துக்கொண்டாள். நான் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன்.

அவர் பேச்சுக்காரர். கிணற்றுத் தண்ணீர், அக்கம்பக்கம், எலித் தொல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எழுந்து போய்த் தெற்குப் பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக் கொக்கி போட்டார். முற்றத்தில் காய வைத்திருந்த துணிகளை அவசரமாக உருவினார். தண்ணீர்ப் பானையை மூடியிருந்த முறத்தின் மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தார்.

"மழை வருமா?" என்று கேட்டேன்.

"மழையாவது! காத்து எந்திச்சிட்டுல்லா. இனிமே பொழுது சாயற வரைக்கும் இப்படித்தான். கோடையில தெனமும் உண்டு. அதுக்குத்தான் அளத்து ஆளுக விடியுமுன்ன போயி வெயிலுக்கு முந்தியே வீடு வந்து சேந்துருவாக."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சாத்திய ஜன்னல் பலகை வெளியிலிருந்து யாரோ தட்டுவது போல அடித்துக்கொண்டது. நான் எழுந்துவிட்டேன்.

"எம் பொண்ணு அந்த ரோட்டுல போயிருக்குதுங்க. சைக்கிள்ல."

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "தனியாவா?"

என் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லி மாத்திரையோடு எப்படியாவது அனுப்பி வைக்கும்படி அவரிடம் கேட்டுக்கொண்டு, வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளில் ஏறினேன். நான் விடுதிக்குப் போய் மாத்திரையை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அந்த வழி சுற்று. அதைவிட, ஒரு நிமிடம்கூட அந்த ரோட்டை விட்டு வேறு பக்கம் திரும்ப என் உடம்பு இடம் கொடுக்கவில்லை.

உப்பளத்து ரோட்டில் ஏறியதும் நடந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சைக்கிள் தானாக ஓடியது. பெடலில் கால் வைத்தேனே தவிர நான் மிதித்ததாக நினைவில்லை. என் முதுகில் யாரோ இரண்டு கையையும் வைத்துத் தள்ளுவது போல இருந்தது. காதில் காற்றுச் சத்தம்கூட இல்லை. என் வேகமும் அதன் வேகமும் ஒன்றாக இருந்ததால், அங்கே காற்று வீசுகிறது என்பதே ஏறி உட்கார்ந்தவனுக்குத் தெரியாது. அவளும் இப்படித்தான் போயிருப்பாள். பாட்டுப் பாடிக்கொண்டு, தன் காலில் புது பலம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் வரை பறந்து போயிருப்பாள். அங்கே போய்த் திருப்பும்போதுதான் தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு கஜத்துக்கும் என் பயம் ஏறிக்கொண்டே போனது. சைக்கிள் எவ்வளவு சுகமாக ஓடியதோ, எதிரே வருகிறவளுக்கு அது அவ்வளவு பெரிய மேடு. மேட்டிலாவது ஓர் உச்சி இருக்கும், ஏறினால் முடியும். இதற்கு உச்சியே கிடையாது. நான் பிரேக்கைப் பிடித்தேன், வேகம் பயமாக இருந்தது. அப்புறம் விட்டேன், மெதுவாகப் போவது அதைவிடப் பயமாக இருந்தது.

காலையில் அத்தனை பேர் இருந்த இடத்தில் ஒரு ஜீவன் இல்லை. மண்ணும் உப்புத்தூளும் ரோட்டின் குறுக்கே புகை போல ஓடிக்கொண்டிருந்தன. வெகுதூரத்தில் ரோட்டில் ஏதோ கிடந்தது. கிட்டே போனால் அது அந்தச் சின்ன சைக்கிள். முன்சக்கரம் காற்றில் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெண் இல்லை.

கூப்பிட்டேன். என் குரல் எனக்கு முன்னால் வடக்கே ஓடிப்போயிற்று. இரண்டு பக்கமும் தண்ணீர்ப் பாத்திகள். அந்தத் தண்ணீரைப் பார்த்து நான் நினைத்ததை இங்கே எழுதப் போவதில்லை.

பனையோலை வேய்ந்து மூடிய பெரிய உப்புக் குவியல் ஒன்று ரோட்டோரத்தில் இருந்தது. அதன் மறைவிலிருந்து ஒரு கை ஆடியது. கருத்த கை, கண்ணாடி வளையல். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

காற்று படாத பக்கமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். தலையில் துண்டு, கால் இரண்டும் உப்பில் வெளுத்து வெடித்திருந்தன. என் மகளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, முந்தானையால் அவள் முகத்தை மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் மகளின் தோள்கள் காதுவரை ஏறி ஏறி இறங்கின. உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்தாள். பேசவில்லை.

"ஒங்க பிள்ளையா?" என்றாள் அந்தப் பெண். "ஓலை பிச்சுட்டுப் போவுதேன்னு கட்ட வந்தேன். பாத்தா இது சைக்கிள விட்டுக் கீழ எறங்கி அப்படியே குத்தவச்சுட்டு. கேட்டா பேச்சும் இல்ல. நான் ஏதோ பயந்த கோளாறுன்னு நெனச்சேன்."

"எளப்புங்க. மாத்திரை ஊர்ல இருக்குது" என்றேன். பதிலுக்கு நிற்காமல் மகளைத் தூக்கிச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தெற்கே திருப்பினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான்: மாத்திரை அந்தப் பக்கம், அவள் அம்மா அந்தப் பக்கம். மறைவை விட்டு வெளியே வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. சைக்கிள் நகர மறுத்தது. தலையைக் குனிந்து தள்ளினேன். சில அடிகூடப் போயிருக்க மாட்டோம், மண் வாரி அடித்ததில் மகள் இருமத் தொடங்கினாள். அந்த இருமலில் மூச்சே திரும்பி வராதது போல ஓர் இடைவெளி விழுந்தது. என் ஆயுளில் அதைவிட நீளமான நேரம் எதுவும் இல்லை.

அந்தப் பெண் ஓடி வந்து ஹாண்டில்பாரைப் பிடித்தாள்.

"எங்கய்யா போறீரு? இந்தப் பக்கம் போனா பிள்ள தாங்குமா? எங்க குப்பத்துல நர்ஸம்மா இருக்காக. அங்க போவோம்."

"நர்ஸ் இருப்பாங்களா? இல்லன்னா?"

"இருப்பாகன்னுதான் நெனக்கேன். வெளிய போயிருந்தா எனக்கென்னய்யா தெரியும்?" அவளுக்கும் என்னைப் போலவே பயம். தன் மடியில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. உறுதி எதுவும் யாரிடமும் இல்லை. மாத்திரை இருப்பது நிச்சயம், ஆனால் அங்கே போய்ச் சேர முடியாது. போய்ச் சேர முடிந்த இடத்தில் மருந்து இருப்பது நிச்சயமில்லை. நான் சைக்கிளை வடக்கே திருப்பினேன்.

அடுத்த சிக்கல், மகளை யார் பிடித்துக்கொள்வது? கேரியரில் தனியாக உட்காரும் நிலையில் அவள் இல்லை. அந்தப் பெண் ரோட்டை ஒரு தடவை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"நான் பொறத்தால உக்காந்து பிள்ளைய மடியில வச்சுக்கிடுதேன். நீரு மிதியும்."

நான் தயங்கினேன். முன்பின் தெரியாத ஆண், நடுப்பகல், அவள் ஊர் வாசலில் போய் இறங்க வேண்டும். அவள் அதை என் முகத்திலேயே படித்துவிட்டாள்.

"எம் மாப்பிள்ள கடலுக்குப் போயிருக்காரு. வந்து கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். நீரு என்னய்யா நின்னுக்கிட்டு? மிதியும்!"

மூன்று பேரின் எடை எனக்குத் தெரியவே இல்லை. என் மகளை மூச்சு முட்ட வைத்த அதே காற்று எங்கள் மூவரையும் தூக்கிக்கொண்டு ஓடியது. பின்னால் அவள், "இந்தா வந்துட்டு, இந்தா பனை தெரியுது, இந்தா பள்ளிக்கூடம்" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் என் மகளின் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பூனைக்குட்டிச் சத்தம் மட்டும் வந்தது. அதுவாவது வருகிறதே என்றிருந்தது.

குப்பத்தில் படகு நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி எழுந்து நின்று கைதட்டினாள். "ஏட்டி, யாரு இது? மாப்பிள்ள கரைக்கு வாரதுக்குள்ள புது மாப்பிள்ளையா? அதுவும் கால்சட்டை போட்ட மாப்பிள்ள!" சுற்றிலும் சிரிப்பு.

"வாயப் பொத்திட்டு நர்ஸம்மாவக் கூப்பிடுங்கட்டி. பிள்ளைக்கு மூச்சு வரல்ல!"

சிரிப்பு அந்தக் கணமே நின்றது. கைதட்டியவள்தான் முதலில் ஓடினாள். நர்ஸ் இருந்தார். நல்லவேளை, அவர் அப்போதுதான் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு வந்து கைகழுவிக்கொண்டிருந்தார். ஊசி போட்டார். மகளை உட்கார்ந்த நிலையிலேயே என் மேல் சாய்த்துக்கொண்டேன். யாரோ கடுங்காப்பி கொண்டுவந்தார்கள், யாரோ வாசலில் ஓலைத்தட்டியை இழுத்து வைத்துக் காற்றை மறைத்தார்கள். தோள்கள் ஏறி இறங்குவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்ல மூச்சைச் செலவழிக்க வேண்டியிருக்குமே என்று பயம்.

வெகுநேரம் கழித்து அவளே வாயைத் திறந்தாள். "அப்பா, வாடகை சைக்கிள் ரோட்டுலயே கெடக்குது. கடக்காரரு திட்டுவாரு."

நான் அழுத அழுகையைப் பார்த்து, அந்தப் பெண்களெல்லாம் இனிமேல்தான் ஏதோ ஆகப்போகிறது என்று பயந்துவிட்டார்கள்.

என் மனைவி ஓர் உப்பு லாரியின் முன்பக்கத்தில் உட்கார்ந்து வந்து சேர்ந்தாள். மாத்திரை டப்பாவைக் கையில் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள் என்றால், விரலை விரிக்க அவளுக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. மகளைத் தொட்டுப் பார்த்தாள். அந்த உப்பளத்துப் பெண்ணின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். தன் வீட்டு மனிதர் ஒருவரின் பக்கத்தில் உட்காருவது போலத்தான் உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாய்ந்தபோது படகுகள் கரைக்கு வந்தன. அந்தப் பெண்ணின் கணவர் நேராக எங்களிடம் வந்தார். செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது. ஈர உடம்போடு, வாட்டசாட்டமாக என் எதிரே வந்து நின்றார். நான் எழுந்து கும்பிட்டேன்.

அவர் தன் மனைவியை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார். "கலியாணம் முடிஞ்சு பத்து வருசமா சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுக்கிட்டுக் கெடந்தா. எனக்கு சைக்கிள் விடத் தெரியாது. நீரு ஆசையத் தீத்து வச்சுட்டீரு" என்றார்.

அந்தப் பெண் எழுந்து அவர் முதுகில் ஓர் அடி வைத்தாள். என் மகள் சிரித்தாள். சிரித்தால் இருமல் வந்துவிடுமோ என்று நானும் என் மனைவியும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பினோம். வரவில்லை.

திரும்பும் ரயிலில் என் மனைவி மாத்திரை டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். சேலம் நெருங்கும்போது, "அந்த ஊரு வேண்டாம்" என்றாள். நானும் சரி என்றேன். ஆனால் எந்த ஊர்? ஓசூரில் இன்னும் சில மாதங்களில் பனி இறங்கிவிடும். வேறு கடலோர ஊருக்குப் போனால் அங்கே எனக்குத் தெரியாத வேறு ஏதாவது இருக்கும். அந்த உப்பள ஊரிலாவது எது கொல்லும் என்பது தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்லத் துணியவில்லை.

மகள்தான் ஜன்னலோரத்திலிருந்து சொன்னாள். "பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம், குப்பத்தத் தாண்டி வடக்கால வீடு பாத்தா என்னப்பா? காலைல காத்து இல்ல, நானே போயிருவேன். சாயங்காலம் அதுவே என்னத் தள்ளிட்டு வந்து வீட்டுல வுட்டுரும்."

"உனக்கு பயமா இல்லயா?" என்று என் மனைவி கேட்டாள்.

"பயமாத்தான் இருக்குது. ஓசூர்லயும் பயமாத்தான் இருக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு ஓசூரில் ஒரு பனிக்காலத்தைக் கடத்தினோம். சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடி. இப்போது இடமாற்ற உத்தரவு வந்துவிட்டது. வருகிற ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்தக் குப்பத்துக்கு வடக்கே ஓர் ஓட்டு வீட்டில் இருப்போம். வீட்டைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது அந்த உப்பளத்துப் பெண்தான். நாங்கள் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. என் மனைவி சில நாள் சாமான் கட்டுகிறாள், சில நாள் கட்டியதை அவிழ்த்து வைக்கிறாள். அந்த இருமலுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் விழுந்த இடைவெளி இன்னும் சில பகல் வேளைகளில், சாவடியில் வேலையாக இருக்கும்போதே, திடீரென்று வந்து என் எழுத்தை நிறுத்திவிடுகிறது.

ஏதாவது ஒரு காரியம் சிரமமே இல்லாமல் எனக்குத் தானாக ஓடத் தொடங்கினால், இப்போதெல்லாம் முதலில் எனக்கு வருவது பயம்தான். இந்தச் சுகத்துக்கு எதிர்ப்பக்கமாக யாராவது மூச்சு வாங்கிக்கொண்டு தனியாக வருகிறார்களோ என்று என் கண் ரோட்டைத் தேடுகிறது.